ஒரே வயலில் இரண்டு கூலி உயர்வுகள்: தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் குறைந்தபட்சக் கூலியும் வேலைவாய்ப்பும்

2013ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியன்று, தென்னாப்பிரிக்கப் பண்ணைத் தொழிலாளருக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட் 39 சென்ட்டிலிருந்து 105 ராண்டாக உயர்ந்தது. ஏறத்தாழ 51 விழுக்காட்டு உயர்வு ஒரே ஆணையில், ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. வளரும் பொருளாதாரம் ஒன்றில் அரசு கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்று ஆராய்பவர்களுக்கு இவ்வளவு பெரிய உயர்வு எளிதில் வாய்ப்பதில்லை. இந்த நிகழ்வில் அதைவிட அரிதான இன்னொன்றும் உண்டு. அதே நாட்டில், அதே துறைக்கு, சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன் 2003 மார்ச்சில்தான் குறைந்தபட்சக் கூலி முதன்முதலாக விதிக்கப்பட்டிருந்தது. அந்த முதல் விதிப்புக்குப் பின் பண்ணை வேலைகள் தெளிவாகக் குறைந்தன. இரண்டாவது முறை, உயர்வு ஒரே பாய்ச்சலாக வந்தபோதும், பலர் அஞ்சிய பெருஞ்சரிவு தலைக்கணக்கில் தென்படவில்லை.

ஒரே வயலில் இரண்டு விடைகள் கிடைத்திருப்பதால், "கூலி உயர்ந்தால் வேலை குறையுமா" என்ற கேள்வியையே நாம் சரியாகக் கேட்கிறோமா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தத் தரவுகளையும் அவற்றைப் பற்றிய ஆய்வுகளையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: கூலி உயர்வு முதலில் மாற்றுவது வேலையின் வடிவத்தை, வேலைகளின் எண்ணிக்கையில் அது தெரியவந்தாலும் பிந்தித்தான் தெரியவரும், சில துறைகளில் தெரியாமலே போகவும் கூடும். நிரந்தர வேலை பருவ வேலையாகிறது, இலவசமாக இருந்த வீட்டுக்கு வாடகை பிடிக்கப்படுகிறது, பண்ணைக்குள் குடியிருந்தவர் வெளியேறி ஒப்பந்தக்காரரின் வண்டியில் வந்திறங்கும் கூலியாளாகிறார். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இவற்றில் எதுவும் படாது.

பண்ணை வேலையின் பழைய அமைப்பு

தென்னாப்பிரிக்காவின் தொழிலாளர் சட்டங்கள் 1990களின் தொடக்கம் வரை பண்ணை வேலியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வேலை நேரம், விடுப்பு, பணிநீக்கம் ஆகிய எல்லாம் பண்ணை உரிமையாளரின் சொல்லுக்கு உட்பட்டிருந்தன. கூலி என்பதும் பணம் மட்டுமன்று. பண்ணைக்குள் ஒரு வீடு, விறகு, தண்ணீர், மாவு, சில இடங்களில் கால்நடை மேய்க்க ஒரு துண்டு நிலம் எனப் பொருளாகவும் இடமாகவும் கொடுக்கப்பட்டதே பெரும்பகுதி. மேற்கு கேப் மாகாணத்தின் திராட்சைப் பண்ணைகளில் கூலியின் ஒரு பங்கை மலிவான ஒயினாகக் கொடுக்கும் கொடிய வழக்கமும் தலைமுறைகளாக இருந்தது. அதன் தழும்பு அந்தக் குடும்பங்களின் உடல்நலத்தில் இன்னும் ஆறவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் கூலி பேசும் வலிமை தொழிலாளிக்கு ஏது?

நிறவெறி ஆட்சி முடிந்தபின் இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. அரசு நடத்திய விளைபொருள் விற்பனை வாரியங்களை 1996ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்துக்கட்டியது; நிலையான விலைக்குப் பழகியிருந்த பண்ணைகள் உலகச் சந்தையின் விலைக்கும் வெளிநாட்டுப் பல்பொருள் அங்காடிகளின் கட்டளைக்கும் நேரடியாக முகம்கொடுக்க நேர்ந்தது. பண்ணைக்குள் குடியிருப்போரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதவாறு 1997ஆம் ஆண்டின் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் புதிதாக ஒருவரைக் குடியமர்த்தினால் பின்னர் எளிதில் விலக்க முடியாது என்று உணர்ந்த உரிமையாளர்கள், காலியாகும் வீட்டை நிரப்புவதைக் கைவிட்டு, வெளியிலிருந்து பருவத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினர். குறைந்தபட்சக் கூலி வருவதற்கு முன்பே நிரந்தர வேலை சுருங்கத் தொடங்கிவிட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 2003ஐப் படிக்கவேண்டும்.

முதல் விதிப்பு: 2003

கூட்டுப் பேரம் பேசத் தொழிற்சங்க வலிமை இல்லாத துறைகளுக்கு, ஆலோசனைக் குழு ஒன்றின் பரிந்துரையைக் கேட்டுத் தொழிலாளர் அமைச்சரே கூலியையும் பணி நிலைமைகளையும் நிர்ணயிக்கும் முறை அங்கு இருந்தது. அதன்படி 2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பண்ணைத் துறைக் கூலி 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நகரச் சார்புள்ள வட்டாரங்களில் மாதத்துக்கு 800 ராண்ட், பிற ஊரக வட்டாரங்களில் 650 ராண்ட். இன்று கேட்டால் அற்பமாகத் தோன்றும் தொகைதான். ஆனால் அன்றைய பண்ணைத் தொழிலாளரில் பெரும்பாலோர் அதற்கும் கீழேதான் வாங்கிக்கொண்டிருந்தனர்.

இதன் விளைவை ஹரூன் போராட், ரவி கான்பூர், பெஞ்சமின் ஸ்டான்விக்ஸ் ஆகிய மூவரும் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். சட்டம் தொட்ட பண்ணைத் தொழிலாளரையும், கல்வியிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்திருந்தும் சட்டம் தொடாத பிற தொழிலாளரையும் எடுத்துக்கொண்டு, சட்டத்துக்கு முன்னும் பின்னும் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு எப்படி மாறியது என்று பார்க்கும் முறை இது. பண்ணையில் கூலி சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காடு உயர்ந்தது. வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம் பெற்றோரின் பங்கு பெருகியது. முன்பு கூலி மிகத் தாழ்ந்திருந்த வட்டாரங்களில்தான் கூலி அதிகம் ஏறியது என்பதால், இந்த மாற்றத்தை உண்டாக்கியது சட்டமே என்று நம்பவும் இடமுண்டு.

இந்த முடிவை நான் ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. வாரியங்கள் கலைந்ததும் குடியிருப்புச் சட்டமும் பண்ணைகளை மட்டும் பாதித்தவை. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட கடைப் பணியாளரையோ சுமைதூக்குவோரையோ அவை தொடவில்லை. அவற்றால் தாமதமாக நேர்ந்த இழப்பின் ஒரு பகுதியும் கூலிச் சட்டத்தின் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். ஏற்கெனவே ஆளைக் குறைக்க எண்ணியிருந்த உரிமையாளருக்குச் சட்டம் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தது என்று சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று கருதுகிறேன். ஆயினும் வேலையிழந்தவரின் இழப்பு இழப்புதான். காரணத்தைப் பங்கிடுவதால் அது குறைந்துவிடுவதில்லை.

வீட்டுப் பணியாளர் என்னும் ஒப்பீடு

ஏறத்தாழ அதே மாதங்களில், 2002 நவம்பரில், அதே நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கும் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் சென்று சோதிக்க ஆய்வாளர் யாரும் இல்லை; மீறினால் தண்டனை என்பதும் பெயரளவுக்கே இருந்தது. டாரின் டிங்கல்மன், விமல் ரன்ச்சோட் ஆகியோர் செய்த ஆய்வின்படி, அடுத்த 16 மாதங்களில் வீட்டுப் பணியாளரின் கூலி ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது. வேலைகளோ வேலை நேரமோ குறைந்ததற்குத் தெளிவான தடயம் இல்லை. எழுத்து ஒப்பந்தங்கள் இங்கும் கூடின.

இரு துறைகளிலும் கல்வி குறைந்த, தொழிற்சங்கம் இல்லாத, பெரும்பாலும் கறுப்பின மக்களே வேலை செய்தனர். கூலி உயர்ந்த அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கியதே. அப்படியிருந்தும் ஒன்றில் வேலை குறைந்தது, மற்றதில் குறையவில்லை. கூலி கொடுப்பவர் யார், அந்தச் சுமையை அவர் யார் தலையில் இறக்கமுடியும் என்பதைப் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. வீட்டுக்காரர் எதையும் சந்தையில் விற்பதில்லை. அவரது வருமானம் வேறெங்கிருந்தோ வருகிறது. கூலி ஏறினால் வேறொரு செலவைக் குறைத்துக்கொள்வார். அவர் முன்பு கொடுத்த தொகையும் அந்தப் பணியால் அவர் அடைந்த பயனை ஒத்திருக்கவில்லை. வேலை தேடி வாசலில் நின்றவரின் கையறுநிலை எவ்வளவு தாழ விட்டதோ அவ்வளவுதான் அது. அத்தகைய இடத்தில் சட்டம் கூலியை மேலே தள்ளினால் வேலை போகவேண்டிய கட்டாயம் இல்லை.

பண்ணைக்காரரின் நிலை வேறு. ஏற்றுமதித் திராட்சைக்கோ சர்க்கரைக்கோ கம்பளிக்கோ விலை சொல்பவர் அவர் அல்லர். கூலி ஏறியது என்று சொல்லி வாங்குபவரிடம் ஒரு சென்ட் கூட்டிக் கேட்க முடியாது. அவருக்குப் பதிலாகச் சிலியின் பண்ணைக்காரர் காத்திருக்கிறார். மார்லீஸ் பீக், டீட்டர் வான் ஃபின்டெல் ஆகியோர் தென்னாப்பிரிக்கத் துறைவாரிக் கூலிகளை ஆராய்ந்தபோது, நிறுவனத்தின் அளவும் உலக வணிகத்தோடு அத்துறைக்குள்ள பிணைப்பும் வேலை இழப்பு எங்கே விழுகிறது என்பதைப் பிரித்துக்காட்டின. பெரிய பண்ணையால் தாங்கமுடிந்த சுமையைச் சிறிய பண்ணையால் தாங்கமுடியவில்லை. "வளரும் பொருளாதாரத்தில் குறைந்தபட்சக் கூலியின் விளைவு" என்று ஒரே எண்ணைத் தேடுவோர் இந்த ஒரே நாட்டின் இரு துறைகளை முதலில் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

2012: ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு

கேப் டவுனிலிருந்து வடகிழக்கே செல்லும் என்1 நெடுஞ்சாலை ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்து போகிறது. அங்குள்ள டி டோர்ன்ஸ் ஊரைச் சுற்றிலும், பழமாகவே உண்ணும் திராட்சை பயிராகிறது. இந்தத் திராட்சைக்கு வேண்டிய கைவேலை மிகுதி. குளிர்காலத்தில் கவாத்து செய்யவேண்டும். வசந்தம் வந்ததும் கொடியில் இத்தனை குலைகள்தான் என்று வரையறுத்து மிச்சத்தை வெட்டவேண்டும். அதன்பின் ஒவ்வொரு குலைக்குள்ளும் சிறு கத்தரிக்கோலை நுழைத்து, நெருக்கமாக உள்ள பிஞ்சுகளைக் கலைத்துவிடவேண்டும். அப்போதுதான் எஞ்சியவை ஒரே அளவில் பருக்கும். அறுவடையின்போது கை படாமல் காம்பைப் பிடித்து வெட்டி, பழுதான மணிகளை நீக்கி, நாலரைக் கிலோ பெட்டிகளில் அடுக்குவார்கள். தோள்கள் நாள் முழுவதும் உயர்ந்தே இருக்கும் இந்த வேலையைச் செய்யும் இயந்திரம் எதுவும் அந்தத் தோட்டங்களில் இல்லை. ஒயினுக்கான திராட்சையை இயந்திரம் அறுத்துவிடும். அதில் மணி நசுங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

இந்த வேலைக்காகக் கிழக்கு கேப், லெசோத்தோ, ஜிம்பாப்வே எனப் பல இடங்களிலிருந்து மக்கள் வந்து, ஊரின் ஓரத்துத் தகரக் குடிசைகளில் தங்கினர். 2012 நவம்பர் தொடக்கத்தில், பிஞ்சு கலைக்கும் பருவத்தின் நடுவே, அவர்கள் வேலையை நிறுத்தினர். நாளுக்கு 150 ராண்ட் என்பது கோரிக்கை. தொழிற்சங்கங்கள் பின்னர்தான் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் இது குடிசைப் பகுதிகளிலிருந்து எழுந்த கிளர்ச்சியாகவே இருந்தது. நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, தோட்டங்களில் தீ வைக்கப்பட்டது, வுல்ஸ்லி, சீரஸ், ராபர்ட்சன் என வேறு ஊர்களுக்கும் பரவியது. மூவர் உயிரிழந்தனர். டிசம்பரில் ஓய்ந்து ஜனவரியில் மீண்டும் மூண்ட போராட்டம் அந்த மாத இறுதிக்குள் முடிவுக்கு வந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் தொழிலாளர் அமைச்சர் மில்ட்ரெட் ஒலிஃபன்ட் 105 ராண்டை அறிவித்தார்.

அந்த எண் காற்றில் பிறந்ததல்ல. உணவு, வேளாண் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2012 டிசம்பரில் கணக்கிட்டுப் பார்த்தபோது, சராசரிக் கூலி 105 ராண்டைத் தாண்டினால் பல பண்ணைகளால் நடைமுறைச் செலவையே ஈடுகட்ட முடியாது என்று கண்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நாளுக்கு 150 ராண்ட் கிடைத்தாலும் பெரும்பாலான குடும்பங்களால் போதிய சத்துணவு வாங்க முடியாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்திக்கொள்ளாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பண்ணையால் கொடுக்கமுடிந்த உச்சம், குடும்பத்துக்குத் தேவையான அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தது. கூலிச் சட்டம் எதுவும் தன்னளவில் இந்த இடைவெளியை மூடாது; சட்டம் இல்லாமலிருப்பதும் மூடாது.

2013க்குப் பின் நடந்தது

அறிவிப்பு வந்ததும், பொருளாதார நிலையைக் காட்டி நூற்றுக்கணக்கான பண்ணைகள் விலக்குக் கேட்டு விண்ணப்பித்தன. ஆள்குறைப்பு வெள்ளமாக வரும் என்ற அச்சம் எல்லாப் பக்கமும் இருந்தது. ஆனால் காலாண்டுக் கணக்கெடுப்பில் பண்ணை வேலைவாய்ப்பு அடுத்த ஈராண்டுகளில் ஏறியும் இறங்கியும் சென்றதே தவிர, 51 விழுக்காட்டு உயர்வுக்கு ஈடான பள்ளம் எதுவும் விழவில்லை. 2015இன் முதல் காலாண்டில் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. அதைக் கொண்டாட வேண்டாம், ஏனெனில் அந்தக் காலாண்டில்தான் கணக்கெடுப்புக்கு எடுக்கும் குடும்பங்களின் மாதிரித் தொகுப்பே புதிதாக மாற்றப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேரடியாக ஒப்பிடுவது தவறு.

பெருஞ்சரிவு ஏன் வரவில்லை? முதற்காரணம், 2003 முதல் பத்தாண்டுகளாக உதிரக்கூடியவை உதிர்ந்துவிட்டன. இயந்திரம் செய்யக்கூடியதை இயந்திரத்துக்கு மாற்றியாயிற்று, தாங்கமுடியாத சிறு பண்ணைகள் பெரியவற்றோடு இணைந்தாயிற்று. எஞ்சியிருந்தவை பிஞ்சு கலைப்பதைப் போலக் கையால் மட்டுமே ஆகும் வேலைகள். அவற்றைக் குறைத்தால் பெட்டிகள் குறையும். இரண்டாவதாக, 2013இல் ராண்டின் மதிப்பு சரிந்தது. வெளிநாட்டுப் பணத்தில் விலை பெற்ற பழத்துக்கு ராண்டில் கூடுதல் வரவு கிடைத்தது. கூலி உயர்வின் ஒரு பங்கை அது விழுங்கியது. நாணயம் வலுத்திருந்த ஆண்டில் இதே ஆணை வந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். மூன்றாவதாக, நிரந்தரப் பணியாளர் பலர் முன்பே 69 ராண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தனர். ஆணையில் எழுதிய 51 விழுக்காடு அவர்களுக்கு நடப்பில் மிகவும் குறைவானதே.

நான்காவது காரணம் கசப்பானது: எல்லோரும் கொடுக்கவில்லை. துறைவாரிக் கூலிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2007இல் சட்டம் காக்கவேண்டிய தொழிலாளரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் குறைந்தபட்சத்துக்கும் கீழே வாங்கினர் என்று காட்டியது. வேலைவாய்ப்பு குறையாததைச் சட்டத்தின் வெற்றியாக எழுதுபவர், அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டவர்.

கூலிச்சீட்டில் தெரியும் மாற்றம்

இந்த நிகழ்வில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒரு கூலிச்சீட்டுக் கணக்கு. ஆணைப்படி வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை செய்பவரின் மாதக் கூலி 1,503 ராண்ட் 90 சென்ட்டிலிருந்து 2,274 ராண்ட் 82 சென்ட்டாக ஏறியது. அதே ஆணை, உணவுக்கு 10 விழுக்காடும் குடியிருப்புக்கு 10 விழுக்காடும் வரை கூலியில் பிடித்தம் செய்ய உரிமையாளரை அனுமதித்தது. குடியிருப்புக்குப் பிடிக்கவேண்டுமானால் வீட்டுக்கு ஒழுகாத கூரை, திறக்கக்கூடிய கண்ணாடிச் சன்னல், அருகில் பாதுகாப்பான குடிநீர், கழிப்பறை, 30 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு, பண்ணையில் மின்வசதி இருந்தால் மின்சாரம் ஆகியவை இருக்கவேண்டும் என்றும் விதித்தது.

2013 பிப்ரவரி வரை பிடித்தம் எதுவும் செய்யாமல் வீடும் உணவும் கொடுத்துவந்த ஒரு பண்ணை, மார்ச்சிலிருந்து இரண்டையும் முழு அளவில் பிடிக்கத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 454 ராண்ட் 96 சென்ட். கையில் வருவது 1,819 ராண்ட் 86 சென்ட். பழைய கூலியைவிட 315 ராண்ட் 96 சென்ட் கூடுதல். அதாவது ஆணையில் 51 விழுக்காடாக இருந்தது கையில் 21 விழுக்காடாகிவிடுகிறது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆள்குறைப்பும் இல்லை. கணக்கெடுப்பில் அந்தத் தொழிலாளி "வேலையில் இருப்பவர், குறைந்தபட்சக் கூலி பெறுபவர்" என்றே பதிவாவார். உயர்வுக்குப் பின் வாடகையும் மின்கட்டணமும் வண்டிக்கட்டணமும் புதிதாகப் பிடிக்கப்பட்டன என்று பள்ளத்தாக்கின் தொழிலாளர்கள் முறையிட்டபோது, அவர்கள் பேசியது இந்தக் கணக்கைத்தான்.

இதற்கு மேற்பட்ட மாற்றம் நாட்கணக்கில் நிகழ்கிறது. ஆண்டுக்கு 220 நாள் வேலை கிடைத்த ஒருவர் பழைய கூலியில் ஏறத்தாழ 15,266 ராண்ட் ஈட்டினார். 105 ராண்ட் கூலியில் அதே தொகையை அடைய 146 நாட்கள் போதும். ஆகவே அவருக்கு 180 நாட்கள் வேலை கிடைத்தால் வருமானம் கூடியிருக்கிறது, ஓய்வும் கூடியிருக்கிறது. 130 நாட்களாகக் குறைந்தால் உயர்ந்த கூலியோடு ஏழையாகியிருக்கிறார். இரண்டு நிலையிலும் அறுவடைக் காலாண்டின் கணக்கெடுப்பு அவரை வேலையில் இருப்பவராகவே எண்ணும்; ஏனெனில் கேட்கப்படுவது அந்த ஒரு வாரத்தைப் பற்றி, அதில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் போதும். நிரந்தர வேலை பருவ வேலையாக உருமாறிக்கொண்டிருக்கும் துறையில் இந்த அளவுகோலை மட்டும் நம்பி "வேலைவாய்ப்பு பாதிக்கப்படவில்லை" என்று தீர்ப்பு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வேலைநாட்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலன்றி, 51 விழுக்காட்டு உயர்வு தொழிலாளர் குழுவுக்குச் செல்லும் மொத்தக் கூலியைக் குறைக்காது. அவ்வளவு நாட்கள் குறைந்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. எனவே குழுவாகப் பார்த்தால் தொழிலாளர்கள் பெற்றனர் என்றே கொள்ளவேண்டும். சிக்கல், பெற்றவரும் இழந்தவரும் ஒரே ஆள் அல்லர் என்பதில் இருக்கிறது. பண்ணைக்குள் நிரந்தரமாக இருப்பவர் பெறுகிறார். குளிர்காலத்தில் கவாத்து வேலைக்கு இந்த ஆண்டு கூப்பிடப்படாத பெண் இழக்கிறார். பருவ வேலையில் பெண்களே மிகுதி என்பதால் அந்த இழப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பிற நாடுகளின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. ஹோண்டுராஸில் 2009 தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி சராசரியாக ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்த்தப்பட்டபோது, முறைசார்ந்த வேலைகள் குறைந்து முறைசாரா வேலைகள் பெருகின என்று ஆண்ட்ரேஸ் ஹாம் கண்டார். இந்தோனேசியாவின் 1990களின் உயர்வுகளை ஆராய்ந்தவர்கள், பெரிய தொழிற்சாலைகளில் வேலை குறைந்ததற்குத் தடயம் காணாமல், சிறிய உள்நாட்டு நிறுவனங்களிலேயே சில இழப்புகளைக் கண்டனர். வேலை மறைவதைவிட, சட்டத்தின் வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்வதே வளரும் நாடுகளில் மிகுதி.

தாவலும் படிகளும்

தென்னாப்பிரிக்க அரசு இதிலிருந்து ஓரளவு கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். 2013க்குப் பிறகு ஆண்டுதோறும் விலைவாசி உயர்வோடு ஒன்றரை விழுக்காடு சேர்த்துக் கூலி உயர்த்தப்பட்டது: 2014இல் 111 ராண்ட் 72 சென்ட், 2015இல் 120 ராண்ட் 32 சென்ட், 2016இல் 128 ராண்ட் 26 சென்ட். பின்னர் 2018ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்ட் என்று பொதுவாக நிர்ணயித்தபோது, பண்ணைத் தொழிலாளருக்கு 18 ராண்டும் வீட்டுப் பணியாளருக்கு 15 ராண்டும் எனத் தாழ்வாகத் தொடங்கியது. பண்ணைக் கூலி 2021 மார்ச்சில் 21 ராண்ட் 69 சென்ட்டாக உயர்ந்து பொதுக் கூலியோடு சமமானது; வீட்டுப் பணியாளர் கூலி 2022 மார்ச்சில் 23 ராண்ட் 19 சென்ட்டில் சமமானது. பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்த படிகள் இவை. புதிய கொடி நடுவதா, எத்தனை பேரை நிரந்தரமாக வைப்பது என்று அவர் கணக்கிட்டு முடிவெடுக்க முடிந்தது.

தாவல் தவறு என்று தொழிலாளரைக் குறைசொல்ல நான் ஆயத்தமாக இல்லை. சிறு சிறு உயர்வுகளால் கூலி நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்ததால்தான் அது ஒருநாள் தெருவில் வெடித்தது. படிப்படியாக உயர்த்தும் பொறுப்பு அரசுடையது; அதைத் தட்டிக்கழித்த ஆண்டுகளின் மொத்தக் கடன்தான் 2013இல் ஒரே தவணையாக வசூலானது. அந்தத் தவணையைப் பண்ணைக்காரரும், வேலையிழந்த பருவத் தொழிலாளரும் சேர்ந்து கட்டினர். வெளிநாட்டு அங்காடியில் நாலரைக் கிலோ பெட்டிக்கு விலை குறித்தவர் அதில் பங்கேற்கவில்லை.

இனி இத்துறையை ஆராய்பவருக்குத் தேவைப்படுவது எளிய மூன்று கேள்விகள் சேர்ந்த ஒரு கணக்கெடுப்பு: கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள் கூலி பெற்றீர்கள், அதில் பிடித்தம் போகக் கையில் வந்தது எவ்வளவு, எங்கே குடியிருக்கிறீர்கள். பள்ளத்தாக்கில் கவாத்து முடிந்து கொடி துளிர்ப்பதற்கு இடைப்பட்ட வாரங்களில், குடிசைகளில் வேலையின்றி இருப்பவரிடம் போய் அவற்றைக் கேட்கவேண்டும்.